குன்னூர் பக்கம் ஒரே நாளில் டீ பேக்டரி சுற்றி, டீயை ருசித்தும் பார்க்க எங்கே போகலாம்?

கோவைச்சாரல் எழுதியது:

வணக்கம். என் நாத்தனார் குடும்பம் போன வருடம் நாசிக் போயிருந்தார்கள். அங்கே ஒயின் தோட்டங்களுக்குக் கூட்டிப்போய் திராட்சைக் கொடி, பீப்பாய் அறை எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் மேஜையில் உட்காரவைத்து ஐந்தாறு வகையைச் சின்னக் கிளாஸ்களில் ஊற்றி, இது ஏன் புளிக்கிறது, அது ஏன் துவர்க்கிறது என்று ஒருவர் நின்று சொல்லித்தருகிறாராம். வந்த நாளிலிருந்து அவர்களுக்கு அதே பேச்சுதான். எங்கள் வீட்டில் ஒயினை யாரும் தொடுவதில்லை, ஆனால் டீ என்றால் எந்த நேரமும் சரி. மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை முழுக்கத் தேயிலை இருக்கிறது, அதை இதே மாதிரி நிதானமாகப் பார்த்து ருசித்து வர வழி இல்லையா?

முன்பு ஒரு முறை மலையில் ஒரு பேக்டரிக்குப் போனோம், பெயர் வேண்டாம். வரிசையில் நிற்கவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மெஷினைக் காட்டி, பேப்பர் கப்பில் ஏலக்காயும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்ட பால் டீ கொடுத்து, அப்படியே கடைக்குள் தள்ளிவிட்டார்கள். தேயிலையின் ருசி என்ன என்பதே தெரியாமல் நாலு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தோம். எனக்கு அது வேண்டாம்.

நாங்கள் நாலு பேர்: நான், கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் மகள், முட்டிவலி உள்ள அம்மா. கோவையிலிருந்து காலையில் கிளம்பி இரவு வீடு திரும்பவேண்டும், சொந்தக் கார். எத்தனை இடம் பார்க்க முடியும், மெஷின் ஓடுகிற நேரம் எது, உண்மையாகவே ருசிபார்க்கச் சொல்லித்தருகிற இடம் இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மலைப்பாதை எழுதியது:

இந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன் என்ற முறையில் போக்குவரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், டீயைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் வருவார்கள்.

முதல் வேலை இ-பாஸ். 2024 மே 7-ஆம் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். டி.என். 43 என்று தொடங்குகிற நீலகிரிப் பதிவு வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் தேவையில்லை. 2025-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள், அதனால் சீசனில் கடைசி நேரத்தில் கிளம்பலாம் என்று இருக்காதீர்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் எடுத்துப்போகாதீர்கள், செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

ஏறுவதற்கு பர்லியார் வழி, 14 கொண்டை ஊசி வளைவு. மேட்டுப்பாளையத்திலேயே டிபனை முடித்துவிட்டு ஏறினால் குன்னூருக்கு ஒன்றே கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், லாரி பின்னால் மாட்டினால் கூடவே ஆகும். இறங்கும்போது கோத்தகிரி, குஞ்சப்பனை வழியாக வாருங்கள். மே மாதக் கூட்டத்தில் போலீஸே அப்படித்தான் திருப்பிவிடுவார்கள், மற்ற மாதங்களிலும் அம்மாவுக்கு அந்த ரோடு கொஞ்சம் இதமாக இருக்கும். குழந்தைக்கு வாந்தி வருமென்றால் முன் சீட்டில் உட்காரவையுங்கள்.

மலை ரயிலில் போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பி குன்னூர் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதைத் தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், பேக்டரியோடு சேர்க்காதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். ரோட்டோரத்தில் 'டீ பேக்டரி' என்று போர்டு வைத்த கடைகள் இருக்கின்றன, உள்ளே மெஷின் இருக்காது, சாக்லேட்டும் தைலமும்தான் இருக்கும். வாடகை வண்டி ஓட்டுகிற சிலருக்கு அங்கே கமிஷன் உண்டு. சொந்த வண்டியில் போவதால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

---

பழைய டீமேக்கர் எழுதியது:

கோவைச்சாரல் அம்மா, குன்னூர் சுற்றுவட்டாரத்தில் பல வருடம் பேக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்ட கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை, அதனால் நீளமாக எழுதப்போகிறேன்.

நாலு பேக்டரி பார்க்கவேண்டாம். ஒன்று பார்த்தால் போதும், மிஞ்சிப்போனால் இரண்டு: ஒன்று சி.டி.சி (இலையைக் கிழித்துத் தூளாக்குவது), ஒன்று ஆர்த்தடாக்ஸ் (இலையைக் கிழிக்காமல் முறுக்குவது). மீதி நேரத்தை முழுக்க ருசிக்கு வையுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், மூன்று பேக்டரியில் அதே மெஷினை மூன்று முறை பார்த்துவிட்டு டீயை நின்றபடியே விழுங்கிவிட்டுப் போகிறார்கள்.

நேரம் ரொம்ப முக்கியம். பகலில் பறித்த கொழுந்து சாயங்காலம்தான் பேக்டரிக்கு வந்து சேரும். எடை போட்டு, வாடப்போடும் தொட்டியில் பரப்பிவிடுவார்கள், அடியில் வலை, வலைக்குக் கீழே ஃபேன் காற்று. இப்படி 12 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம் வரை வாடவேண்டும். அதனால் உருட்டுவது, அரைப்பது எல்லாம் பெரும்பாலும் விடியற்காலையில் தொடங்கி முற்பகலுக்குள் முடிந்துவிடும். நீங்கள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குப் போனால் பல இடங்களில் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். காலை ஒன்பதரைக்குள் உள்ளே இருங்கள். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பு கிடையாது, ஆகவே திங்கட்கிழமை மெஷின் ஓடாத பேக்டரிகள் உண்டு. செவ்வாய் முதல் சனி வரை உங்களுக்கு நல்ல நாள்.

உள்ளே போனால் வாடல் தொட்டியிடம் அனுமதி கேட்டு ஒரு பிடி இலையை எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். இலை உருண்டையாக அப்படியே நின்று, காம்பு ஒடியாமல் வளைந்தால் வாட்டம் சரி. விறைத்துக்கொண்டு பிரிந்தால் இன்னும் நேரம் வேண்டும். மூக்கருகே வைத்துப் பாருங்கள், பச்சைப்புல் வாசனை போய் ஒரு பழ வாசனை வந்திருக்கும். நாங்கள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போய் இதைத்தான் பார்ப்போம், மெஷினை எப்போது போடுவது என்பதை அந்த ஒரு பிடி இலைதான் சொல்லும்.

அடுத்து சி.டி.சி மெஷின். பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், ஒன்று வேகமாக, மற்றது அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில். அந்த வேக வித்தியாசத்தில்தான் இலை நசுங்கி, கிழிந்து, சுருள்கிறது. ஆர்த்தடாக்ஸில் இப்படிக் கிழிக்காமல் ரோலிங் டேபிளில் இலையை முறுக்குவார்கள், அதனால் இலை முழுசாக நிற்கும், மணமும் நிற்கும். கிழிந்த இலையின் சாறு காற்றோடு சேர்ந்து பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள், பேக்டரியிலேயே நல்ல மணம் அங்கேதான். மாறி முடிந்ததும் டிரையர். கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், டிரையரிலிருந்து வெளியே வரும்போது மூன்று சதவீதம் அளவில்தான் ஈரம் இருக்கும். அதனால்தான் ஒரு கிலோ டீத்தூளுக்கு நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை போகிறது.

மகளுக்கு ஒன்று காட்டுங்கள். சலிக்கும் இடத்தில் நாரை எடுக்க ஒரு மெஷின் இருக்கும், பிளாஸ்டிக் உருளைகளைத் துணியில் உரசி நிலைமின்சாரம் ஏற்றி, டீத்தூளின் மேல் ஓடவிடுவார்கள். லேசான நார் மட்டும் மேலே ஒட்டிக்கொண்டு போகும், கனமான தூள் கீழே நிற்கும். தலையில் சீப்பைத் தேய்த்துக் காகிதத்தைத் தூக்குகிற அதே பாடம்தான்.

இடம்: குன்னூரில் சிம்ஸ் பார்க் பக்கத்தில் ஹைஃபீல்டு பேக்டரி இருக்கிறது, ஓடுகிற பேக்டரி, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுவார்கள். உட்காரவைத்து ருசிபார்க்கச் சொல்லித்தரும் இடம் என்றால் ட்ரான்குவிலிட்டீ மாதிரி முன்பதிவோடு நடத்துகிறவர்கள் குன்னூரில் உண்டு. எஸ்டேட்டுகளிலும் முன்கூட்டியே போன் செய்து கேட்டால் சில மேனேஜர்கள் ஒப்புக்கொள்வார்கள். போன் செய்யாமல் கேட் முன்னால் போய் நிற்காதீர்கள்.

டேஸ்டிங்கில் மூன்றைப் பார்ப்போம்: காய்ந்த இலை, வெந்த இலை, லிக்கர் (வடித்த டீயை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). கோப்பைக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல், கொதித்த தண்ணீர், ஐந்து நிமிடம். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு, ஒரே நேரம், இதில் இம்மி பிசகக்கூடாது, பிசகினால் ஒப்பிடவே முடியாது. பால், சர்க்கரை எதுவும் கிடையாது. ஸ்பூனில் எடுத்துச் சத்தமாக உறிஞ்சவேண்டும், காற்றோடு சேர்ந்து உள்ளே போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும். வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடவேண்டும். வரிசை லேசானதிலிருந்து கனத்துக்கு: வெள்ளை டீ, பச்சை டீ, ஊலாங் (பச்சைக்கும் கருப்புக்கும் இடைப்பட்டது), அப்புறம் கருப்பு டீ, கடைசியில் சி.டி.சி. சி.டி.சி-யை முதலில் குடித்தால் வெள்ளை டீ வெந்நீர் மாதிரிதான் இருக்கும்.

பாக்கெட்டில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து மயங்காதீர்கள். பி.ஓ.பி, டஸ்ட் என்பதெல்லாம் சல்லடையில் நின்ற துகளின் அளவு. ருசிக்கு மார்க் போட்டது அல்ல.

---

ஊட்டிவாசி எழுதியது:

டீமேக்கர் ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் குழந்தையும் வயதானவரும் வருகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். ஓடுகிற பேக்டரியில் படி செங்குத்து, சத்தம், தூசி. தொட்டபெட்டா ரோட்டில் இருக்கிற டீ மியூசியத்தைப் பலர் மட்டமாகப் பேசுகிறார்கள், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தேயிலை இந்தியாவுக்கு எப்படி வந்தது, நீலகிரிக்கு எப்படி வந்தது என்று தொடங்கி மெஷின் வரைக்கும் பார்த்து, கடைசியில் ஒரு டீயும் குடித்துவிட்டு வரலாம். என் பிள்ளைகள் தேயிலை பற்றிக் கற்றதே அங்கேதான். கூட்டம்தான் பிரச்சினை, விடுமுறை நாளில் பதினொரு மணிக்கு மேல் நிற்க இடம் இருக்காது.

ஆனால் குன்னூரிலிருந்து அங்கே வர இன்னும் ஒரு மணி நேரம் ஏறவேண்டும். ஒரே நாளில் திரும்பவேண்டும் என்றால் குன்னூரோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்பேன். பகல் இரண்டு மணிக்கு மேல் மேகம் இறங்கிவிட்டால் லேம்ஸ் ராக், டால்ஃபின்ஸ் நோஸ் மாதிரி காட்சி முனைகளிலிருந்து எதுவும் தெரியாது, அதைப் பார்க்க ஆசை இருந்தால் பேக்டரி முடிந்த கையோடு போய்விடுங்கள்.

டீ ருசிக்க வெறும் வயிற்றோடு போகாதீர்கள், குமட்டும். குன்னூர், ஊட்டி பேக்கரிகளில் வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் கிடைக்கும், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதுதான். அன்றைக்குச் சுட்டதாகக் கேட்டு வாங்குங்கள். ஒன்றைக் கடித்துக்கொண்டே அடுத்த கோப்பைக்குப் போகலாம்.

---

பழைய டீமேக்கர் எழுதியது:

வர்க்கி சாப்பிடுங்கள், ஆனால் டேஸ்டிங்குக்கு முன்னால் சாப்பிடுங்கள் அம்மா. நடுவில் வேண்டாம், அதன் நெய்ப்பசை நாக்கில் படிந்துவிட்டால் லிக்கரின் துவர்ப்பு தெரியாது. நடுவில் வெறும் தண்ணீர் போதும். காரச் சட்னி, பாக்கு, சென்ட் இதெல்லாமும் அன்றைக்கு வேண்டாம்.

---

ஹட்டிக்காரன் எழுதியது:

நான் கோத்தகிரி பக்கம் சிறு தேயிலை விவசாயி. எங்கள் ஹட்டியில், அதாவது எங்கள் கிராமத்தில், வீட்டுக்கு வீடு அரை ஏக்கர், ஒரு ஏக்கர்தான். சுற்றுலா வருகிறவர்களுக்குப் பெரிய எஸ்டேட்டும் அதன் பங்களாவும்தான் நீலகிரி என்று காட்டுகிறார்கள், ஆனால் இந்த மாவட்டத்துத் தேயிலையில் பெரும்பகுதி எங்களை மாதிரி ஆட்களின் தோட்டத்திலிருந்து போகிற இலை. அதனால் நீங்கள் பார்க்கிற இரண்டில் ஒன்று கூட்டுறவு பேக்டரியாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்ட்கோசர்வ் என்று குன்னூரில் தலைமை அலுவலகம் வைத்திருக்கிற கூட்டுறவு இணையத்தின் கீழே 16 பேக்டரிகள் இருக்கின்றன, ரேஷன் கடையில் நீங்கள் பார்க்கிற ஊட்டி டீ அவர்களுடையதுதான். சுற்றுலாவுக்கு என்று அலங்கரித்த இடம் இல்லை, போர்டு கிடையாது, கைடு கிடையாது. முதல் நாளே அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிப் போனால், இலை கொண்டுவந்து எடை போடுகிற விவசாயிகளோடு நின்று பேசலாம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போனால் எடைத் தட்டில் மூட்டை ஏறுவதைப் பார்க்கலாம். ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், முற்றின இலை என்று எதைத் திருப்புகிறார்கள் என்று உங்கள் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

ருசி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எங்கள் கையில் என்பேன். இரண்டு இலை ஒரு மொட்டு என்று எல்லாருக்கும் தெரியும். கையால் அப்படிப் பறித்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு எடுக்கிற இலை குறைவு, கத்தரியோ மெஷினோ போட்டால் அதைவிடப் பல மடங்கு எடுக்கலாம், ஆனால் முற்றின இலையும் காம்பும் சேர்ந்தே வரும். நல்ல இலைக்கு நல்ல விலை கிடைத்தால் யாரும் கத்தரி போடமாட்டார்கள். ஆள் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாமல்தான் போடுகிறார்கள். 2023 செப்டம்பரில் பச்சை இலைக்குக் கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று கோத்தகிரி நட்டக்கல்லில் எங்கள் மக்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை என்று ஒன்றை அறிவிக்கிறது, அதுவே உற்பத்திச் செலவுக்குக் கீழே போன மாதங்கள் உண்டு. கோப்பையில் ருசி குறைகிறது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் தெரிந்துகொள்ளவேண்டும்.

டீ வாங்குவதாக இருந்தால் கூட்டுறவுக் கடையிலோ, கையால் உருட்டி டீ செய்கிற சிறு விவசாயிகளிடமோ ஒரு பாக்கெட்டாவது வாங்குங்கள். இப்போது எங்கள் பக்கத்தில் சிலர் சின்ன மெஷின் வைத்துத் தாங்களே பச்சை டீ, வெள்ளை டீ செய்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே போட்டுக் கொடுப்பார்கள், நீங்கள் தேடுகிற மாதிரி நிதானமாகப் பேசவும் நேரம் இருக்கும்.

தோட்டத்துக்குள் போட்டோ எடுக்க இறங்குவதாக இருந்தால் கேட்டுவிட்டு இறங்குங்கள். மருந்து அடித்த பாத்தியா என்று உங்களுக்குத் தெரியாது. அது தவிர, செடி இடுப்பளவு இருப்பதால் காட்டுமாடு படுத்திருந்தால் பக்கத்தில் போகும் வரைக்கும் தெரியாது. மழைக்காலத்தில் அட்டை வேறு.

---

கோவைச்சாரல் எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஹட்டிக்காரன் அண்ணா, காலையில் குன்னூர், சாயங்காலம் இறங்குகிற வழியில் கோத்தகிரி பக்கம் ஒரு கூட்டுறவு பேக்டரியில் இலை எடை போடுவதைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஃப்ராஸ்ட் டீ, ஃப்ராஸ்ட் டீ என்று சொல்கிறார்களே, அது எந்த மாதத்தில் கிடைக்கும், அதற்காகவே தேதியை மாற்றலாமா? அப்புறம், வீட்டில் பால் இல்லாமல் யாரும் குடிக்கமாட்டார்கள், லீஃப் டீ வாங்கிவந்தால் வீணாகப் போகுமா?

---

அடையாறு தேநீர் எழுதியது:

நான் சென்னை, ஆனால் நீலகிரி டீ வரவழைத்துக் குடிக்கிற ஆள், இரண்டாவது கேள்விக்கு என் பதில். முழு இலை ஆர்த்தடாக்ஸில் பால் ஊற்றினால் மணம் மூழ்கிப்போய்விடும், காசுக்குக் கேடு. பாலுக்கு சி.டி.சி தான், அதற்காகவே உருவான டீ அது. ஆகவே இரண்டையும் வாங்குங்கள். வழக்கமான வேளைக்கு சி.டி.சி, மத்தியானம் ஒரு வேளை மட்டும் லீஃப் டீயை எதுவும் சேர்க்காமல். நீலகிரி டீயில் ஒரு நல்ல குணம், கறுப்பாக வடித்து ஆறவிட்டாலும் அவ்வளவாகக் கலங்காது, அதனால் எலுமிச்சை பிழிந்து ஐஸ் டீ போட அருமையாக இருக்கும். உங்கள் மகளுக்கு அங்கிருந்து தொடங்குங்கள்.

டேஸ்டிங் முன்பதிவு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம். வெவ்வேறு எஸ்டேட்டின் சின்னப் பாக்கெட்டுகளாக வாங்கி வாருங்கள். நான்சச், கிளென்டேல், ஹவுக்கல், சாம்ராஜ், கோரகுந்தா, பில்லிமலை என்று பெயர்கள் கண்ணில் படும், அதில் கோரகுந்தா ரொம்ப உயரத்தில் இருக்கிற ஆர்கானிக் தோட்டம். நகைக்கடைத் தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் போதும், ஒரே மாதிரி வெள்ளைக் கோப்பைகள், போனில் டைமர். பேரைக் காகிதத்தில் எழுதிக் கோப்பைக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டு எது பிடிக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் விலை கூடினது எப்போதும் ஜெயித்ததில்லை.

தூளில் சாயம் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: வெள்ளை வடிதாளில் கொஞ்சம் தூளைப் பரப்பி மேலே தண்ணீர் தெளித்து, தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கலப்படம் என்றால் உடனே சாயக் கறை படிந்து நிற்கும், நல்ல தூளில் லேசாகத்தான் இருக்கும். பெயர் இல்லாத லூஸ் டீ வாங்கினால் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

---

பழைய டீமேக்கர் எழுதியது:

அடையாறு தேநீர் சொன்னது ரொம்பச் சரி, பேரை மறைத்து வைப்பது நாங்களும் செய்கிறதுதான். குன்னூரில் 1963-லிருந்து டீ ஏலம் நடக்கிறது, கோவையில் 1980-லிருந்து நடக்கிறது. அங்கே வாங்குகிறவர்கள் முன்கூட்டியே சாம்பிள் வாங்கி வரிசையாகக் கோப்பை வைத்து ருசித்த பிறகுதான் விலை கேட்பார்கள். பாக்கெட்டில் படம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

ஃப்ராஸ்ட் டீ பற்றி. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, ராத்திரி உறைபனியும் பகலில் வெயிலுமாக இருக்கிற நாட்களில் செடி மெதுவாகத் துளிர்க்கும். அப்படி மெதுவாக வளர்ந்த கொழுந்தில் மணம் திரண்டு நிற்கும், பறித்துச் செய்தால் பூ வாசனை தூக்கலாக, துவர்ப்பு கம்மியாக வரும். ஆனால் பனி செடிமேலேயே நேராக இறங்கினால் கொழுந்து கருகிப்போகும், அது டீ ஆகாது. மேல்மட்டத் தோட்டங்களில் பனி இறங்குமோ இறங்காதோ என்று ராத்திரியெல்லாம் கவலைப்படுவோம்.

தேதியை மாற்றலாமா என்றால், எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. குளிர்காலத்தில் ருசி உச்சம், இலை வரத்து குறைவு, ஆகவே சில நாள் மெஷினே ஓடாது. ஏப்ரல், மே, அப்புறம் செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை இலை குவியும், பேக்டரி ராத்திரி பகலாக ஓடும், ஆனால் கோப்பையில் அந்த நயம் இருக்காது, கூட்டமும் அதிகம். நீங்கள் ருசியைத்தான் முதலில் கேட்டீர்கள், ஆகவே குளிர்காலத்தையே சொல்வேன். முதல் நாள் மாலை பேக்டரிக்கு போன் போட்டு 'நாளைக்கு மெஷின் உண்டா?' என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அம்மாவுக்கு ஒன்று: எல்லாக் கோப்பையையும் குடிக்கவேண்டாம், ஒரு ஸ்பூன் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பினால் போதும். முழுசாகக் குடித்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராது. துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள், கூச்சப்படவே வேண்டாம், அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை.

---

கோவைச்சாரல் எழுதியது:

அப்படியானால் ஜனவரி. பொங்கல் லீவில் எல்லோரும் வீட்டில் இருப்போம், மாட்டுப் பொங்கலுக்கு அடுத்த நாள் கிளம்பலாமா ஐயா?

---

ஹட்டிக்காரன் எழுதியது:

வேண்டாம் அக்கா. அந்த நாட்களில் கொழுந்து பறிக்க ஆள் வரமாட்டார்கள், இலை இல்லாமல் பேக்டரி நின்றுபோகும், ரோட்டில் மட்டும் வண்டி நிறைந்திருக்கும். அதற்கு அடுத்த வாரம் புதன் அல்லது வியாழன் வையுங்கள், பாப்பாவுக்கு ஸ்கூலில் ஒரு நாள் லீவு சொன்னால் போதும். கூட்டுறவு பேக்டரியில் அனுமதி கேட்க எந்த அலுவலகம், யாரைப் பார்க்கவேண்டும் என்பதைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். நாலு மணிக்கு முன்னால் அங்கே இருங்கள், முதல் இலை வண்டி அப்போதுதான் வரும்.